மலைக்காட்டின் பழைய டோபோ ஷீட்: புதியவர்கள் படிக்கத் தொடங்குவது எப்படி?

மலையின் உயரம், ஓடை, பாதை, ஊர் எல்லாவற்றையும் காட்டும் நில அளவை வரைபடம்தான் டோபோ ஷீட். பழைய டோபோ ஷீட் ஒன்றை முதல்முறை விரிக்கும் யாரும் தெரிந்த பெயரைத்தான் முதலில் தேடுவார்கள். ஏறிய சிகரம், குளித்த அருவி, கடந்து போன கணவாய். கிடைத்தால் சந்தோஷம். கிடைக்காவிட்டால் படமே தப்பு என்று மடித்து வைத்துவிடுவார்கள். இரண்டுக்கும் அவசரம் வேண்டாம்.

நூறு வருடத்துக்கு முன் ஒரு மலைக்காட்டை வரைந்தவர்கள் மாதக்கணக்கில் அதற்குள் நடந்தார்கள். சில இடங்களைக் கண்ணால் பார்த்து அளந்தார்கள். பல இடங்களை மரங்கள் மறைத்தன. அங்கே எட்டிப் பார்த்த அளவுக்கு ஊகித்து, விட்டுப்போன கோட்டை இழுத்து முடித்தார்கள். அச்சாகி வந்தபிறகு இரண்டும் ஒரே பழுப்பு மையில், ஒரே தடிமனில் நிற்கும். பார்த்து வரைந்த கோடு எது, ஊகித்து வரைந்த கோடு எது என்று பிரித்துச் சொல்லப் பழகுவதுதான் பழைய வரைபடத்தைப் படிப்பதில் பாதி வேலை. கீழே வரும் படிகள் எல்லாம் அந்தக் கேள்வியைச் சுற்றித்தான் இருக்கும்.

விரிப்பதற்கு முன்

தாள் கையில் இருந்தால் முதலில் கையைக் கழுவி நன்றாக ஈரம் போகத் துடைத்துக்கொள்ளுங்கள். படத்தைவிடப் பெரிய, சுத்தமான மேசை வேண்டும். நெடுநாள் மடித்தே கிடந்த தாளை ஒரே இழுப்பில் விரித்தால் மடிப்பு ஓரத்தில் பிளக்கும். ஒவ்வொரு மடிப்பாகத் திறந்து, கொஞ்ச நேரம் அப்படியே விட்டு, பிறகு அடுத்ததைத் திறங்கள். சில பழைய படங்கள் துண்டு துண்டாக வெட்டி, துணியின்மேல் சிறு இடைவெளி விட்டு ஒட்டப்பட்டிருக்கும். அது சேதம் அல்ல. வெளியில் எடுத்துப்போய் அடிக்கடி மடித்து விரிக்கத் தோதாக அப்படித் தயாரித்தார்கள். இடைவெளியை மூடுகிறேன் என்று பசை தடவிவிடாதீர்கள்.

கிழிசலில் செல்லோடேப் ஒட்டவே கூடாது. என்னிடம் இருந்த ஒரு தாளில் நான் அப்படி ஒட்டினேன். சில வருடத்தில் டேப் உரிந்து விழுந்தது, அதன் பசை மட்டும் தேன் நிறத்தில் தாளுக்குள் இறங்கி, அடியில் இருந்த நீல ஓடைக்கோட்டைப் பழுப்பாக்கிவிட்டது. அந்தப் பட்டையை இன்றுவரை நீக்க முடியவில்லை. லேமினேட் செய்வதும் இதே வகைதான், திரும்பி வர வழி கிடையாது. படத்தின்மேல் பேனா பிடிக்காதீர்கள். குறிப்பு எடுக்க வேண்டுமானால் மேலே டிரேசிங் பேப்பர் விரித்து மென்மையான பென்சிலால், அழுத்தாமல் எழுதலாம். வேலை முடிந்ததும் அமிலம் கலக்காத காகித உறைக்குள் தட்டையாக, வெயில் படாத இடத்தில் வையுங்கள்.

பத்து மடங்கு பெருக்கும் ஒரு சிறு லென்ஸ் இருந்தால் நல்லது. இந்த வேலைக்கு அதைப்போல உதவும் கருவி வேறில்லை.

முதல் படி: ஓரத்தைப் படியுங்கள்

மலையைப் பார்க்காமல் படத்தின் நான்கு வெள்ளை ஓரங்களையும் பாருங்கள். அங்கே ஒன்றுக்கு மேற்பட்ட ஆண்டுகள் இருக்கும். அளந்த ஆண்டு, அச்சிட்ட ஆண்டு, மறு அச்சு ஆண்டு, திருத்திய ஆண்டு. புதியவர்கள் பெரும்பாலும் அச்சிட்ட ஆண்டைப் படத்தின் வயதாக எடுத்துக்கொள்கிறார்கள். 1950-இல் அச்சான ஒரு தாளின் மலைகள் 1905-இல் அளக்கப்பட்டவையாக இருக்கலாம். இடையில் சாலைகளையும் ஊர்களையும் மட்டும் புதுப்பித்து, காட்டையும், மலையின் உயரத்தைக் காட்டும் சமஉயரக் கோடுகளையும் தொடாமலே விட்டிருப்பார்கள். அப்படிப்பட்ட ஒரே தாளில் இரண்டு காலம் கலந்து கிடக்கிறது. எந்த அடுக்கு எந்த ஆண்டைச் சேர்ந்தது என்று ஒரு காகிதத்தில் தனியாக எழுதிக்கொள்ளுங்கள். பின்னால் வரும் பல குழப்பங்கள் இந்த ஒரு குறிப்பில் தீரும்.

அமெரிக்க நில அளவை நிறுவனம் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வெளியிட்ட திருத்தப் பதிப்புகளில் இதை நேரடியாகவே காட்டியிருக்கிறார்கள். விமானத்திலிருந்து எடுத்த வான்படங்களைப் பார்த்துச் சேர்த்த மாற்றங்களை ஊதா நிறத்தில் அச்சிட்டார்கள். களத்தில் போய்ச் சரிபார்க்காதவை அவை என்று ஓரத்தில் குறிப்பும் இருக்கும். எல்லா நாட்டுப் படங்களும் இவ்வளவு வெளிப்படையாக இருப்பதில்லை, நாம்தான் தேட வேண்டும்.

சில தாள்களின் ஓரத்தில் ஒரு குட்டிப் படமும் இருக்கும். எந்தப் பகுதியை எந்த ஆண்டில் அளந்தார்கள், எந்தப் பகுதியைப் பழைய படத்திலிருந்து எடுத்துச் சேர்த்தார்கள் என்று கட்டம் பிரித்துக் காட்டும். பலரும் அலங்காரம் என்று நினைத்துத் தாண்டிவிடும் அந்தக் கட்டம் எனக்குக் கிடைத்தால் முதல் அரைமணி நேரம் அதிலேயே போய்விடும்.

அட்சரேகை, தீர்க்கரேகை எண்களையும் இப்போதே பாருங்கள். எந்தத் தீர்க்கரேகையைச் சுழியமாகக் கொண்டார்கள் என்பது முக்கியம். கிரீன்விச்சைப் பொதுச் சுழியமாக ஏற்கும் முடிவு 1884 வாஷிங்டன் மாநாட்டில்தான் வந்தது, அதன் பிறகும் பல நாடுகள் உடனே மாறிவிடவில்லை. பாரிசிலிருந்து எண்ணிய படங்கள் உண்டு. பாரிஸ் கிரீன்விச்சுக்கு ஏறக்குறைய 2 பாகை 20 கலை கிழக்கே இருக்கிறது (ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு ஒரு கலை). கேனரித் தீவுகளில் உள்ள ஃபெரோவிலிருந்து எண்ணிய ஐரோப்பியப் படங்களும் நிறைய, அது கிரீன்விச்சுக்கு 17 பாகை 40 கலை மேற்கே. இதைக் கவனிக்காமல் எண்ணை அப்படியே கணினியில் இட்டால் உங்கள் மலை வேறு நாட்டில் போய் நிற்கும்.

இரண்டாம் படி: அளவையும் அலகும்

அடி, மைல் புழங்கிய நாடுகளின் பழைய படங்களில் 1:63,360 என்ற அளவையை அடிக்கடி காண்பீர்கள். ஒரு மைலில் 63,360 அங்குலம் இருப்பதால் வந்த எண் அது. படத்தில் ஓர் அங்குலம் என்றால் தரையில் ஒரு மைல். சென்டிமீட்டர் ஸ்கேல் வைத்து அளப்பவர்கள் ஒரு சென்டிமீட்டருக்கு 634 மீட்டர் என்று நினைவில் வைத்தால் போதும். அமெரிக்கத் தாள்களில் 1:62,500 உண்டு, பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். மெட்ரிக் நாடுகளில் 1:50,000-உம் 1:1,00,000-உம் வழக்கம்.

இந்த விகிதம் மூலத்தாளுக்கு மட்டும்தான் பொருந்தும். ஜெராக்ஸிலோ திரையிலோ பெரிதாகியோ சிறிதாகியோ இருந்தால் எழுதியிருக்கும் விகிதம் பொய்த்துப்போகும். கீழே வரைந்திருக்கும் அளவுகோல் பட்டை மட்டும் படத்தோடு சேர்ந்து மாறும் என்பதால் அதை நம்பலாம். மூலத்தாளும் பல பத்தாண்டு ஈரத்திலும் வெயிலிலும் சுருங்கியிருக்கலாம், அதுவும் நீளவாக்கில் ஒரு மாதிரி, அகலவாக்கில் வேறு மாதிரி.

உயரம் அடியிலா மீட்டரிலா என்பதையும் உறுதி செய்யுங்கள். ஓர் அடி 0.3048 மீட்டர். சமஉயரக் கோடுகளுக்கு இடையே 100 அடி உயர இடைவெளி என்றால் கோட்டுக்குக் கோடு முப்பது மீட்டர் சொச்சம். கீழே அடுத்த படியில் சொல்லும் சரிவுக் கணக்கெல்லாம் இதன்மேல்தான் நிற்கிறது.

மூன்றாம் படி: மலையை விரலால் ஏறிப் பாருங்கள்

சமஉயரக் கோடு என்பது கடல்மட்டத்திலிருந்து ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கோடு. மலையின் வயிற்றைச் சுற்றி அதே உயரத்தில் நடந்து போனால் உங்கள் காலடி போகும் வழிதான் அந்தக் கோடு. ஸ்காட்லாந்தின் ஸ்கீஹாலியன் மலையைக் கொண்டு பூமியின் அடர்த்தியைக் கணிக்க 1774-இல் அளவைகள் நடந்தன. குவிந்து கிடந்த உயர எண்களை என்ன செய்வது என்று தவித்த சார்லஸ் ஹட்டன் என்ற கணிதவியலர், ஒரே உயரம் கொண்ட புள்ளிகளை மெல்லிய கோட்டால் இணைத்தார். மலையின் உருவம் தாளில் எழுந்து வந்தது. நீங்கள் கையில் வைத்திருக்கும் தாளும் அதே வேலையைத்தான் செய்கிறது.

ஏதாவது ஓர் ஓடையின் நீலக்கோட்டைத் தேர்ந்தெடுங்கள். அது இரண்டு ஓடைகள் கூடும் இடத்தில் தொடங்கட்டும். அங்கே விரலை வைத்து நீரோட்டத்துக்கு எதிராக மெல்ல நகர்த்துங்கள். பழுப்புக் கோடு ஒவ்வொன்றும் ஓடையைக் கடக்கும் இடத்தில் அம்பு முனைபோல மடிந்திருக்கும். முனை எப்போதும் மேல்நோக்கி, ஓடை வரும் திசையைக் காட்டும். பெரும்பாலும் ஒவ்வொரு ஐந்தாவது கோடும் தடித்திருக்கும், அதன்மேல் எங்காவது எண் இருக்கும். போகப் போக நீலக்கோடு நின்றுவிடும். விரலை நிறுத்தாதீர்கள். அம்பு முனைகள் இன்னும் தொடர்கின்றன அல்லவா? அந்த மடிப்பில் மழைக்காலத்தில் மட்டும் நீர் ஓடும். முனைகள் மழுங்கிக்கொண்டே வந்து, ஓர் இடத்தில் மடிப்பு மறைந்துபோகும். அதற்கு மேலே இருப்பது முகடு.

முகட்டைத் தாண்டி மறுபக்கம் இறங்குங்கள். இப்போது கோடுகள் வேறு ஓடையை நோக்கி மடியத் தொடங்கும். நீங்கள் கடந்தது நீர்ப்பிரிமேடு. முகட்டிலிருந்து பிரிந்து கீழே நீளும் கிளை முகடுகளில் கோடுகள் வட்டமாக வளைந்து, பள்ளத்தை நோக்கிப் புடைத்திருக்கும். பள்ளத்தில் கூர் மேல்நோக்கி, கிளை முகட்டில் வளைவு கீழ்நோக்கி. இந்த ஒன்று கண்ணில் பதிந்துவிட்டால் தாள் தட்டையாகத் தெரிவது நின்றுவிடும். எனக்கு அது பதிய மூன்று மாலைகள் ஆயின. இரண்டு உச்சிகளுக்கு நடுவே கோடுகள் இருபுறமும் விலகி இடுப்புபோல ஒடுங்கும் இடம் கணவாய்.

சரிவைக் கணக்கிடவும் பழகுங்கள். 1:63,360 படத்தில் ஒரு சென்டிமீட்டருக்குள் 100 அடி இடைவெளிகள் பத்து வருகின்றன என்று வையுங்கள். உயரம் 305 மீட்டர், தரைத்தொலைவு 634 மீட்டர். சரிவு ஏறக்குறைய 26 பாகை. ஏறும்போது கைகள் அவ்வப்போது மரத்தைப் பிடிக்கத் தேடும் செங்குத்து அது. ஐந்து இடைவெளிகள் மட்டும் வந்தால் 13 பாகை, மூச்சு வாங்கினாலும் நடந்துவிடலாம். உங்களுக்குத் தெரிந்த ஒரு மலைப்பாதையை முதலில் இப்படி அளந்து பார்த்துவிட்டால், தெரியாத மலையின் எண்களும் காலுக்குப் புரியும்.

இப்போது லென்ஸை எடுங்கள். சில இடங்களில் சமஉயரக் கோடு தொடர்ச்சியாக இல்லாமல் சிறு சிறு கீறலாக உடைந்திருக்கும். 'இங்கே அளக்கவில்லை, உருவத்தை மட்டும் காட்டியிருக்கிறோம்' என்று வரைந்தவரே ஒப்புக்கொண்ட இடம் அது. அந்தக் கோட்டை வைத்து உயரம் சொல்லக் கூடாது. இப்படி ஒப்புக்கொண்ட படத்தை நான் கூடுதலாகவே நம்புவேன்.

இன்னொரு நுணுக்கம். ஒவ்வொரு நிறமும் தனித்தனிக் கல்லிலோ தகட்டிலோ ஏறி, ஒன்றன்மேல் ஒன்றாக அச்சானது. நிறங்கள் சரியாகப் பொருந்தாமல் போவதுண்டு. லென்ஸில் பார்க்கும்போது நீல ஓடை, பழுப்பு அம்பு முனையில் சேராமல் அரை மில்லிமீட்டர் வலப்பக்கம் தள்ளியிருக்கிறதா? அடுத்த ஓடையைப் பாருங்கள், அதற்கடுத்ததையும் பாருங்கள். எல்லாமே ஒரே பக்கம், ஒரே அளவு தள்ளியிருந்தால் அது அச்சகத்தில் நேர்ந்தது, அளந்தவர்மேல் குறையில்லை. இந்த அளவையில் அரை மில்லிமீட்டர் என்பது தரையில் 32 மீட்டர்.

சமஉயரக் கோடே இல்லாமல், மயிரிழைபோன்ற குறுங்கோடுகளால் மலையை வரைந்த படங்களும் உண்டு. சரிவு கூடக்கூடக் கோடு தடிக்க வேண்டும் என்ற முறையை 1799-இல் யோஹான் கேயோர்க் லேமான் வகுத்தார். சமதளம் வெள்ளை, 45 பாகைக்கு மேல் முழுக் கறுப்பு. சுவிட்சர்லாந்தின் டுஃபூர் படங்கள், 1845 முதல் 1865 வரை வெளிவந்த 1:1,00,000 தாள்கள், இந்தக் கலையின் உச்சம். பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் இவற்றில் சரிவு தெரியும், உயரம் தெரியாது. எந்தப் பக்கம் மேடு, எந்தப் பக்கம் பள்ளம் என்பதில்கூடக் கண் ஏமாறும். உடனே ஓடையைத் தேடுங்கள், நீர் இருக்கும் பக்கம் கீழ். நிழல் தீட்டிய படமாக இருந்தால் மேசை விளக்கை உங்கள் இடப்பக்கம் மேலே வையுங்கள். வடமேற்கிலிருந்து வெளிச்சம் விழுவதாகவே பெரும்பாலும் தீட்டினார்கள், அதனால் மலை மலையாகத் தெரியும்.

நான்காம் படி: அளந்தவர் எங்கே நின்றார்?

இந்தப் படியைப் பெரும்பாலான வழிகாட்டிகள் தொடுவதே இல்லை. எனக்கோ இதுதான் மற்ற எல்லாவற்றுக்கும் அடிப்படை.

வான்படம் வருவதற்கு முன் மலைநாட்டை அளந்த முறை பிளேன் டேபிள். முக்காலியின்மேல் ஒரு சமமான பலகை, அதன்மேல் ஒட்டிய வெள்ளைத் தாள், பார்வைக்கோடு பிடிக்க ஒரு நேர்கோல். தூரத்துச் சிகரத்தை நேர்கோலின் வழியே பார்த்துத் தாளில் ஒரு கோடு இழுப்பார்கள். இன்னொரு உச்சிக்குப் பலகையைத் தூக்கிக்கொண்டு போய், அதே சிகரத்தைப் பார்த்து இன்னொரு கோடு. இரண்டும் வெட்டும் இடம்தான் சிகரம். மூன்றாம் இடத்திலிருந்து இழுத்த கோடும் அதே புள்ளியில் வந்து சேர்ந்தால் சரி. உயரத்துக்குச் சாய்வுக் கோணத்தை அளந்து, தொலைவோடு பெருக்கிக் கணக்கிடுவார்கள். இடைப்பட்ட சரிவுகளை அங்கேயே நின்று, கண்முன் தெரியும் உருவத்தைப் பார்த்துக் கையால் வரைவார்கள்.

இந்த முறையின் உயிர் பார்வை. பார்வை கிடைப்பது உயரத்திலும் திறந்த வெளியிலும். ஆகவே உச்சிகள், மொட்டைப் பாறைகள், புல்வெளி முகடுகள், அங்கிருந்து தெரியும் சரிவுகள், இவை பழைய படங்களில் வியக்கத்தக்க அளவுக்குச் சரியாக இருக்கும். முக்கோணத்துக்குள் புள்ளி வைத்த குறியைத் தேடுங்கள். அவை கோணங்களை அளந்து துல்லியமாக இடம் நிர்ணயித்த முக்கோண அளவை நிலையங்கள், படத்திலேயே அதிகம் நம்பத்தக்க புள்ளிகள். அவற்றில் ஒன்றில் நீங்கள் நிற்பதாக நினைத்து, அங்கிருந்து எந்தச் சரிவு தெரியும், எது முகட்டுக்குப் பின்னால் மறையும் என்று கோடுகளைக் கொண்டே கண்டுபிடியுங்கள். மறையும் பக்கத்தில் கோடுகள் வழவழவென்று, மடிப்புகள் குறைந்து, சோம்பலாக ஓடுகின்றனவா? அங்கே ஊகம் நடந்திருக்கிறது. தெரியும் பக்கத்தில் அதே கோடு ஒவ்வொரு ஓடைக்கும் நெளிந்து நெளிந்து போகும். ஒரே மலையின் இரு முகங்கள் இப்படி வேறுபட்டிருப்பதை ஒருமுறை கண்டுவிட்டால், பிறகு எந்தப் பழைய தாளிலும் அது உங்கள் கண்ணில் படும்.

அடர்காட்டுப் பள்ளத்தாக்கில் பார்வையே கிடையாது. அங்கே ஓடைவழியாகவோ ஒற்றையடிப் பாதைவழியாகவோ திசைகாட்டி பிடித்து, சங்கிலியாலோ காலடியாலோ அளந்துகொண்டே போனார்கள். காலடியை அலட்சியமாக நினைக்க வேண்டாம். 1860-களில் திபெத்துக்குள் மறைவாகச் சென்று அளந்த நைன் சிங், 108 மணிகளுக்குப் பதில் 100 மணிகள் கோத்த ஜெபமாலையில் தன் அடிகளை எண்ணிக்கொண்டே நடந்தார். பாதையையும் ஓடையையும் ஒட்டிய இடங்கள் ஓரளவு சரியாக இருக்கும். அதிலிருந்து விலகி காட்டுக்குள் போகப் போக நம்பிக்கை குறைய வேண்டும்.

உயரத்துக்கு அனிராய்டு காற்றழுத்தமானியும், நீர் கொதிக்கும் வெப்பநிலையை அளக்கும் வெப்பமானியும் உதவின. மேலே போகப் போக நீர் குறைந்த வெப்பத்தில் கொதிக்கும். ஏறக்குறைய 300 மீட்டருக்கு ஒரு டிகிரி குறையும். வெப்பமானியில் கால் டிகிரி தவறாகப் படித்தாலே உயரம் 75 மீட்டர் பிசகிவிடும். காற்றழுத்தமானியிலும் ஒரு மில்லிபார் என்பது சுமார் எட்டு மீட்டர், வானிலை மாறினால் நின்ற இடத்திலேயே மலை ஏறிவிட்டதாக அது காட்டும். காட்டுக்குள் தனித்து நிற்கும் ஓர் உயர எண்ணைப் பார்க்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு உலகப் போர்களுக்கு இடையிலும் அதன் பிறகும் வான்படம் புழக்கத்துக்கு வந்தது. பல சிக்கல்கள் தீர்ந்தன, காட்டின் சிக்கல் மட்டும் தீரவில்லை. மேலிருந்து பார்க்கும் கேமராவுக்குத் தெரிவது இலைக்கூரைதான். முப்பது மீட்டர் உயர மரங்கள் நிற்கும் பள்ளத்தில் அதன் அடியை யார் பார்த்தார்கள்? மரத்தின் உயரத்தை மதிப்பிட்டுக் கழித்துத்தான் கோடு வரைந்தார்கள். குறுகிய ஓடைப் பள்ளங்கள் இலைக்கூரைக்குள் மூழ்கிப்போய், சரிவு உண்மையைவிட வழுவழுப்பாக வந்தது. இலை இடுக்குகளின் வழியே லேசர் துடிப்பை அனுப்பித் தரையைத் தொடும் லைடார் வந்தபிறகுதான் அந்தப் பள்ளங்கள் வெளிப்பட்டன.

ஐந்தாம் படி: பச்சையும் பாதையும்

பச்சை இருந்தால் காடு, வெள்ளை இருந்தால் காடில்லை என்று எடுத்துக்கொள்வது பழைய படங்களில் தவறாகலாம். அமெரிக்காவின் தொடக்ககாலத் தாள்கள் கறுப்பு, பழுப்பு, நீலம் என்ற மூன்று நிறத்திலேயே அச்சாயின. அடர்காடாக இருந்த மலையும் அவற்றில் வெள்ளையாகத்தான் இருக்கும். முதலில் குறியீட்டு விளக்கத்தில் காட்டுக்கு நிறமோ மரக்குறியோ இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்தப் படம் காட்டைப் பற்றி எதுவும் சொல்லவில்லை, அவ்வளவுதான். மரக்குறிகள் அச்சாகியிருந்தாலும் ஒரு குறி ஒரு மரம் என்று எண்ணக் கூடாது. ஆனால் ஊசியிலைக்கும் அகல இலைக்கும், மூங்கிலுக்கும் புதருக்கும் தனித்தனிக் குறி இருந்தால் அது பெரிய செல்வம்.

புள்ளிக்கோட்டுப் பாதைகள்தாம் வேகமாகச் செத்துப்போகும். யாரும் நடக்காத பாதையைக் காடு சில மழைக்காலங்களிலேயே மூடிவிடும். ஆனாலும் பழைய பாதைகளைப் பார்த்தால் அவற்றுக்குள் ஒரு நியாயம் தெரியும். கணவாயைத் தேடிப் போகும், நீர் இருக்கும் இடத்தைத் தொட்டுச் செல்லும், செங்குத்தைச் சுற்றிக்கொள்ளும். பாதை ஏன் அந்த வளைவு எடுத்தது என்று கோடுகளைப் பார்த்துக் கேட்டால் பல சமயம் பதில் கிடைக்கும்.

அணைகளை மறக்காதீர்கள். அமெரிக்காவின் கிரேட் ஸ்மோக்கி மலைகளின் தெற்கு விளிம்பில் 1944-இல் கட்டி முடிக்கப்பட்ட ஃபொன்டானா அணை, லிட்டில் டென்னசி ஆற்றை ஏரியாக்கியது. ஜட்சன், புஷ்னெல் போன்ற ஊர்கள் நீருக்குள் போயின. அதற்கு முந்தைய டோபோ ஷீட்டில் அந்த ஊர்களும் சாலையும் ஆற்றின் பழைய நெளிவும் அப்படியே இருக்கின்றன. இப்படி மூழ்கிய பள்ளத்தாக்கின் அடித்தரையைச் சமஉயரக் கோடுகளோடு பார்ப்பதற்குப் பழைய படத்தைப்போல எளிய வழி இல்லை.

ஆறாம் படி: பெயர்கள்

பெயர் என்பது அளந்தவரின் காதில் விழுந்தது, அவருடைய மொழியின் எழுத்தில் ஏறியது, பிறகு படம் எழுதியவர் கையில் இன்னொருமுறை மாறியது. ஒரு பெயர் கிடைக்கவில்லை என்றால் எழுத்தை விட்டு ஒலியைத் தேடுங்கள். வாய்விட்டுப் படித்துப் பார்ப்பது உதவும். வழிகாட்டியாக வந்தவர் எந்தப் பள்ளத்தாக்கின் ஆள் என்பதைப் பொறுத்தும் பெயர் மாறும். ஒரே ஓடைக்கு மேலே ஒரு பெயரும் கீழே ஒரு பெயரும் இருந்தால் அச்சுப்பிழை என்று கடந்துவிடாதீர்கள், இரண்டு ஊர்கள் அதை இரண்டு பெயரில் அழைத்திருக்கலாம்.

பெயர் கிடைக்காத இடத்தில் அளந்தவரின் குறியெண்ணே பெயராக நின்றுவிடுவதும் உண்டு. 1856-இல் பிரிட்டிஷ் நில அளவையாளர் மாண்ட்காமரி காரகோரம் சிகரங்களுக்கு வரிசையாக கே1, கே2 என்று குறித்தார். கே1-க்கு உள்ளூரில் மஷெர்புரும் என்ற பெயர் இருந்தது, அது நிலைத்தது. கே2 இன்றும் கே2-ஆகவே இருக்கிறது.

ஏழாம் படி: வடக்கு எது?

ஓரத்தில் இரண்டோ மூன்றோ அம்புகள் விரிந்து நிற்கும் சிறு படம் இருக்கும். வடதுருவத்தைக் காட்டும் உண்மை வடக்கு, திசைகாட்டி ஊசி காட்டும் காந்த வடக்கு, படத்தின் கட்டக்கோடுகள் காட்டும் கட்ட வடக்கு. அதில் எழுதிய காந்த விலக்கம், அதாவது உண்மை வடக்குக்கும் காந்த வடக்குக்கும் இடையே உள்ள கோணம், படம் அளந்த ஆண்டுக்கானது. காந்த வடக்கு நகர்ந்துகொண்டே இருக்கும். லண்டனில் 1820 வாக்கில் திசைகாட்டி ஊசி உண்மை வடக்கிலிருந்து 24 பாகை மேற்கே விலகி நின்றது, 2019-இல் கிரீன்விச்சில் விலக்கமே இல்லாமல் போனது. பழைய எண்ணை வைத்துத் திசை பிடித்தால் 5 பாகைப் பிழை மூன்று கிலோமீட்டரில் 260 மீட்டர் தள்ளிவிடும். அடர்காட்டில் அது பக்கத்துப் பள்ளத்தாக்கில் இறங்குவதற்குப் போதும். உங்கள் இடத்தின் இன்றைய விலக்கத்தைப் பார்த்து அதையே பயன்படுத்துங்கள்.

எட்டாம் படி: இன்றைய படத்தின்மேல் பொருத்துவது

ஸ்கேன் செய்யும்போது 400 டிபிஐ போதும், கோடுகள் மிக நெருக்கமாக இருந்தால் 600. தாளை உருளைக்குள் இழுக்கும் வகை ஸ்கேனர் வேண்டாம். தட்டையான கண்ணாடியில் பகுதி பகுதியாக எடுத்து ஒட்டலாம். உலகின் பல நில அளவை நிறுவனங்களும் நூலகங்களும் பழைய தாள்களை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கின்றன, அதனால் முதல் பயிற்சிக்குத் தாளே வாங்க வேண்டியதில்லை.

க்யூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளில் ஜியோரெஃபரன்சர் என்ற வசதி இருக்கிறது. படத்தின் புள்ளிகளுக்குத் தரையின் ஆயத்தொலைவைக் கொடுத்தால் தாளை அதன் இடத்தில் உட்காரவைக்கும். முதலில் நான்கு மூலைகளின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைக் கொடுங்கள். கவனம், அந்த எண்கள் படம் வரைந்த காலத்து டேட்டத்தைச் சேர்ந்தவை. பூமியின் உருவத்தை எப்படிக் கொண்டு, எங்கிருந்து அளந்தார்கள் என்ற அடிப்படைதான் டேட்டம். இந்தியாவின் பழைய தாள்கள் எவரெஸ்ட் 1830 என்ற, பூமிக்குக் கொண்ட நீள்கோள உருவத்தின்மேல் நிற்கின்றன, அமெரிக்காவின் பல தாள்கள் 1927 வட அமெரிக்க டேட்டத்தின்மேல். ஜிபிஎஸ் பேசுவது டபிள்யூஜிஎஸ் 84 என்ற டேட்டத்தில். மாற்றாமல் பொருத்தினால் எல்லாமே ஒரே பக்கமாக நகர்ந்து நிற்கும், சில இடங்களில் நூற்றுக்கணக்கான மீட்டர். மென்பொருளில் பழைய டேட்டத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டால் அது மாற்றிக்கொள்ளும்.

அடுத்து, நான்காம் படியில் படித்தது இங்கே பயன்படும். கூடுதல் புள்ளிகளுக்கு எவற்றை எடுப்பது? முக்கோண நிலையச் சிகரங்களை எடுங்கள். பாறைக்குள் வெட்டி ஓடும் ஓடைகள் கூடும் இடங்களை எடுங்கள், அவை நகர்வதில்லை. சமவெளியில் நெளியும் ஆற்று வளைவு, காட்டின் எல்லை, சாலைச் சந்திப்பு ஆகியவற்றைத் தவிருங்கள். பத்துப் பன்னிரண்டு புள்ளிகளைத் தாள் முழுக்கப் பரப்பி, அவற்றில் மூன்றைப் பொருத்துவதற்குக் கொடுக்காமல் தனியே வையுங்கள். பொருத்தி முடித்தபின் அந்த மூன்றும் எவ்வளவு விலகியிருக்கின்றன என்று அளந்தால் உண்மையான பிழை தெரியும்.

உருமாற்ற வகையில், நேர்கோட்டை நேர்கோடாகவே வைத்துத் தாளை நகர்த்தி, திருப்பி, இழுக்கும் முதல் நிலைப் பல்லுறுப்பில் (polynomial 1) தொடங்குங்கள். தின் பிளேட் ஸ்ப்லைன் என்ற வகை கொடுத்த புள்ளிகளில் பிழையே இல்லை என்று காட்டும், தாளை ரப்பர்போல இழுத்துப் பொருத்துவதால் வரும் தோற்றம் அது. இடையில் மலை எப்படி வளைந்தது என்று உங்களுக்குத் தெரியாது. புதியவர்கள் அதைத் தொடாமல் இருப்பது நல்லது. 1:63,360 தாளில் 30 முதல் 60 மீட்டர் பிழைக்குள் வந்தால் நன்றாகச் செய்திருக்கிறீர்கள். ஓர் இடத்தில் மட்டும் 200 மீட்டர் விலகினால் புள்ளியை அழித்துவிடாதீர்கள். அது முகட்டுக்குப் பின்னால் மறைந்த பக்கமா என்று பாருங்கள். பார்த்த கோட்டுக்கும் ஊகித்த கோட்டுக்கும் நடுவே உள்ள எல்லை அங்கே எண்ணாகவே வந்து நிற்கும்.

களத்துக்கு எடுத்துப்போகும்போது

மூலத்தாள் வீட்டில் இருக்கட்டும், அச்செடுத்த நகலைக் கொண்டுபோங்கள். வழி கண்டுபிடிக்க இன்றைய படமும் ஜிபிஎஸ்-உம்தான் வேண்டும். பழைய படம் ஒப்பிட்டுப் பார்க்க. அனுமதி வேண்டிய காடாக இருந்தால் அனுமதியோடும், இடம் தெரிந்த ஒருவரோடும் மட்டும் உள்ளே போங்கள்.

ஒரு கணவாயில் நின்று வேலையைத் தொடங்குவது எளிது, இரு பக்கமும் பார்வை கிடைக்கும். நகலைத் தரையோடு திசை சேர்த்துப் பிடியுங்கள். முதலில் தூரத்துச் சிகரங்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி அடையாளம் காணுங்கள். பிறகு நடுத்தூரத்துக் கிளை முகடுகளை எண்ணுங்கள், படத்திலும் அத்தனைதானா? கடைசியாகக் காலடியில் இறங்கும் பள்ளத்தைப் பாருங்கள். படத்தில் ஒரே மடிப்பாக இருக்கும் சரிவில் தரையில் மூன்று ஓடைகள் இறங்கினால், டிரேசிங் பேப்பரில் அந்த மூன்றையும் பென்சிலால் வரைந்துகொள்ளுங்கள். பக்கத்தில் தேதி, மணி, எந்த இடத்தில் நின்று பார்த்தீர்கள் என்பதை எழுதுங்கள். கண்ணால் பார்த்ததை முழுக்கோடாகவும், மரம் மறைத்ததால் ஊகித்ததை உடைந்த கோடாகவும் வரையுங்கள்.